காகேத்தியில் பழம் வெட்டும் மாதம்

காகேத்தியில் திராட்சை அறுவடைக்கு என்று நிலையான தேதி கிடையாது. செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் நடு வரைக்கும் ஏதாவது ஒரு காலையில் ஒவ்வொரு குடும்பமும் தன் தோட்டத்துக்குத் தானே நாள் குறிக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டி முடித்து வண்டி கிளம்பியிருக்கும். இங்கே இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம் என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருப்பார். மண் மாறினால் நாள் மாறும். சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். இலையுதிர் காலத்தில் ஒயின் விளையும் ஊர்களுக்குப் போக நினைப்பவர்கள் விமானச் சீட்டுக்கு முன்னால் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஜார்ஜியா கருங்கடலின் கிழக்குக் கரையில் இருக்கும் மலைநாடு. அதன் கிழக்கு ஓரம் காகேத்தி. அந்த நாட்டுத் திராட்சையில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது. அறுவடைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ரித்வேலி. அந்த நாட்களில் தலைநகர் திபிலீசியில் அலுவலகம் போகிறவர்கள்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

நாள் குறிக்கும் விதத்தை நான் அருகில் நின்று பார்த்தேன். பழத்தில் சர்க்கரை ஏற ஏறப் புளிப்பு இறங்கும். இரண்டும் சரியாக நிற்கிற சில நாட்களைப் பிடிக்க வேண்டும். இரண்டு சொட்டுச் சாற்றைக் கையடக்கக் கருவியின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பிரிக்ஸ் என்கிற சர்க்கரை அளவு தெரிகிறது. 22 முதல் 24 வரை வந்துவிட்டால் 12, 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினுக்குப் போதுமான சர்க்கரை சேர்ந்துவிட்டது என்று பொருள். கருவி சொன்ன பிறகும் பெரியவர்கள் ஒரு பழத்தை வாயில் போட்டு மென்று, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்க்கிறார்கள். விதை பச்சையாக இருந்தால் காத்திருக்க வேண்டும். பழுப்பேறி, கடித்தால் நறுக்கென்று உடைந்தால் வெட்டலாம். அதற்குள் மழை வந்தால் எல்லாக் கணக்கும் குலைந்துவிடும். தண்ணீர் குடித்த பழத்தில் சர்க்கரை நீர்த்துப்போகும், தோல் வெடிக்கும், அழுகல் பிடிக்கும். கல்மழை பெய்தால் ஓர் ஆண்டு உழைப்பு அரை மணி நேரத்தில் தரையில் கிடக்கும்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் கொடி தூங்குவதில்லை. குளிர் கிடையாது என்பதால் கவாத்து செய்த நாளிலிருந்து எண்ணி நாலு மாதத்தில் பழம் வந்துவிடும். ஒரு தோட்டத்தில் பழம் வெட்டும்போது அடுத்த தோட்டத்தில் பூ இருக்கும். ஆண்டுக்கு இரண்டு வெள்ளாமை, சில இடங்களில் அதற்கு மேலும். அதனால் ஒரு போகம் போனால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற தெம்பு எங்களுக்கு உண்டு. காகேத்தியில் அப்படி இல்லை. பனிக்காலத்தில் கொடி இலை உதிர்த்து வெறும் கட்டையாக நிற்கும். வசந்தத்தில் துளிர்த்து, கோடையில் காய்த்து, செப்டம்பரில் ஒரே ஒரு முறை பழம் தரும். ஆண்டு முழுவதற்கும் உள்ள வருமானம், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வேண்டிய ஒயின், எல்லாம் அந்தச் சில வாரங்களில்தான். அங்கே போய் இறங்கியபோது ஊரில் தெரிந்த பரபரப்பு எனக்கு உடனே புரிந்ததற்கு இதுவே காரணம்.

திட்டம் போட உதவியவன் என் அக்கா மகன். திபிலீசியில் மருத்துவம் படிக்கிறான். இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே மருத்துவம் படிக்கப் போயிருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. “மாமா, தேதி கேக்காதீங்க. செப்டம்பர் கடைசியில வந்துடுங்க, அக்டோபர் மொதல் வாரம் தாண்டித் திரும்புற மாதிரி டிக்கெட் போடுங்க. நடுவுல எதையும் புக் பண்ணாதீங்க” என்றான். இதைவிட நல்ல யோசனையை நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளைத் திராட்சையான ரகாட்சிதேலி பெரும்பாலும் செப்டம்பர் நடுவில் தொடங்கிவிடும். கறுப்பான சபெராவி அதற்குச் சற்றுப் பின்னால் வரும். இரண்டும் ஒரே சமயத்தில் தோட்டத்தில் இருக்கும் நாட்கள் செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் தொடக்கமும். அதையும் தவறவிட்டால் மேற்கே போகலாம். இமெரெத்தியிலும் ராச்சா மலைகளிலும் அக்டோபரில் வெட்டு நடக்கும். கருங்கடல் பக்கத்து குரியாவில் ச்காவெரி என்ற ரகம் நவம்பர் வரைகூடக் கொடியில் நிற்கும். கிழக்கிலிருந்து மேற்காக அறுவடை நகர்கிறது என்று தெரிந்துகொண்டால், தாமதமாகப் போகிறவருக்கும் ஏதாவது ஒரு பள்ளத்தாக்கில் வேலை மிச்சம் இருக்கும்.

தங்குவதற்கு இரண்டு ஊர்கள். சிக்னாகி மலை மேல் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் எரெக்லே மன்னர் எழுப்பிய மதிலும் அதன் 23 கோபுரங்களும், கீழே விரிந்து கிடக்கும் அலசானிப் பள்ளத்தாக்கும் கண்ணுக்கு விருந்து. பயணிகள் அதிகம், விடுதிகளும் அதிகம். தெலாவி மாகாணத் தலைநகர். அழகு கொஞ்சம் குறைவுதான், ஆனால் தோட்டங்களுக்குப் பக்கம். அறுவடை பார்க்க வேண்டும் என்றால் தெலாவியிலோ அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலோ தங்குங்கள் என்பேன். காலையில் ஒரு தொலைபேசி வந்தால் அரை மணி நேரத்தில் தோட்டத்தில் நிற்க வேண்டும். வண்டியை நீங்களே ஓட்டலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கோப்பை நீட்டுவார்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைக் காவல்துறை சும்மா விடாது. உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை நாள் கணக்கில் பேசிக்கொண்டால், தோட்டங்களைப் பற்றிய தகவலும் அவரோடு சேர்ந்தே கிடைக்கும். யார் வீட்டில் நாளைக்கு வெட்டு என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும் அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

திபிலீசியிலிருந்து தெலாவிக்கு கோம்போரிக் கணவாய் வழியே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மலை ஏறும்போது பீச் மரக் காடுகளில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. கணவாயைத் தாண்டி இறங்கும்போது பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே நேரத்தில் தெரிகிறது. இந்தக் கரையில் கோம்போரி மலை, நடுவே அலசானி ஆறு, அந்தக் கரையில் பனி போர்த்திய காக்கசஸ். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அந்த மலைச்சுவர் தடுக்கிறது. அதன் பனி உருகி ஓடிவரும் தண்ணீர்தான் அடிவாரத்து வண்டல் மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தது. கொடிகளுக்கு இதைவிட நல்ல இடத்தைத் தேடிப்பிடிக்க முடியாது. பகலில் 25 டிகிரி வெயில், இரவில் சட்டென்று குளிர். அந்த இரவுக் குளிர்தான் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது. கம்பத்தில் எங்களுக்குக் கிடைக்காதது அது ஒன்றுதான்.

சாலையில் டிராக்டர்களும் பழைய சோவியத் லாரிகளும் திராட்சையை மலையாக ஏற்றிக்கொண்டு ஆலை வாசல்களில் வரிசை கட்டி நின்றன. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து சாறு ஒழுகித் தார்ச்சாலையில் கோடு போட்டிருந்தது. ஊரெங்கும் புளிக்கும் வாசனை. குளவிகள். வரிசையில் நின்ற விவசாயிகளின் முகத்தில் இருந்த கவலை எனக்குப் பழக்கமானது. எடை போடும் இடத்தில் சர்க்கரை குறைவு என்று சொல்லிவிடுவார்களோ, விலை இறங்கிவிடுமோ என்ற அதே கவலை. அரசாங்கம் அறுவடைக் காலத்தில் தெலாவியில் ஓர் ஒருங்கிணைப்பு அலுவலகம் திறந்து, எந்த ஆலைக்கு எவ்வளவு பழம் போகிறது என்பதைக் கவனிக்கிறது. பழம் விற்காமல் நின்றுவிடக்கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. நம் ஊர்த் திராட்சைக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று மனம் ஏங்கியது.

நாங்கள் போன வீட்டுக்காரர்களிடம் அக்கா மகன் முன்பே பேசி வைத்திருந்தான். அவனோடு படிக்கும் பெண்ணின் தாத்தா பாட்டி. “மாமா, வெள்ளிக்கிழமை மழைன்னு போட்டிருக்கான். நாளைக்கே வெட்டிடுவாங்களாம்” என்று இரவில் வந்து சொன்னான். விடிந்ததும் போனோம். சொந்தக்காரர்கள், அண்டை வீட்டார், திபிலீசியிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் என்று தோட்டம் நிறைய ஆட்கள். கூலி கிடையாது. இன்றைக்கு இவர்கள் தோட்டத்தில் எல்லோரும், நாளைக்கு அடுத்தவர் தோட்டத்தில் எல்லோரும். எனக்கும் ஒரு கத்தரிக்கோலும் ஒரு வாளியும் கொடுத்தார்கள்.

எங்கள் பந்தலில் தலைக்கு மேல் தொங்கும் குலையை அண்ணாந்து பார்த்து வெட்டுவோம். அங்கே கொடிகள் கம்பியில் வரிசையாக நிற்கின்றன. பழம் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே இருக்கிறது. குனிந்தே வேலை செய்ய வேண்டும். ஒரு கையில் குலையை ஏந்திக்கொண்டு காம்பை நறுக்க வேண்டும், தரையில் விழவிடக்கூடாது. அழுகிய பழம் இருந்தால் அங்கேயே கிள்ளி எறிய வேண்டும்; ஒரு வாளிக்குள் போன அழுகல் ஒரு தாழி ஒயினைக் கெடுத்துவிடும். நான் குலையைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டி அக்கா மகனிடம் ஏதோ கேட்டார். “நீங்க விவசாயியான்னு கேக்குறாங்க மாமா” என்றான். ஆமாம் என்று தலையசைத்தேன். அதற்குப் பிறகு என்னை விருந்தாளியாக யாரும் உட்காரச் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

ரகாட்சிதேலி வரிசைகள் முடிந்து சபெராவிக்கு வந்தபோது விரல்கள் கறுத்துப்போயின. பொதுவாகக் கறுப்புத் திராட்சையின் தோலில்தான் நிறம் இருக்கும். பிழிந்தால் சாறு வெளிறிப்போய் வரும். சபெராவியின் சதையே சிவப்பு. நசுக்கினால் ரத்தம் மாதிரி இறங்குகிறது. அந்தக் கறை எளிதில் போகாது. ஊருக்குள் யார் கையைப் பார்த்தாலும் அவர் வீட்டில் எந்தப் பழம் வெட்டினார்கள் என்று சொல்லிவிடலாம்.

மதியம் தோட்டத்திலேயே சாப்பாடு. பனிக்காலத்தில் கவாத்து செய்த கொடிக் கட்டைகளைக் காயவைத்து எடுத்து வைத்திருந்தார்கள். அதைக் கொளுத்தித் தணலாக்கி, உப்பு மட்டும் தடவிய இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுட்டார்கள். தந்தூரி அடுப்பு போன்ற மண் அடுப்பின் சுவரில் ஒட்டி எடுத்த நீள ரொட்டி, தக்காளி, வெள்ளரி, உப்புப் பாலாடைக்கட்டி, கொத்துமல்லி. இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் அங்கே குறை இருக்காது. கத்தரிக்காயை வதக்கி அரைத்த அக்ரூட் விழுதைத் தடவிச் சுருட்டிய ஒரு பதார்த்தம் எந்த வீட்டுப் பந்தியிலும் உண்டு.

சாயங்காலம் வாளிகள் எல்லாம் மரானிக்கு வந்து சேர்ந்தன. மரானி என்பது ஒயின் வீடு. உள்ளே நுழைந்தால் பீப்பாயோ தொட்டியோ எதுவும் கண்ணில் படாது. மண் தரையில் வட்ட வட்டமாக வாய்கள் மட்டும் தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் கீழே க்வெவ்ரி என்கிற மண் கலம் கழுத்தளவு புதைந்து கிடக்கிறது. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் சட்டென்று பிடிபடும்: அகன்ற தோள், கீழே கூம்பிச் சிறுத்த அடி. சில நூறு லிட்டர் முதல் சில ஆயிரம் லிட்டர் வரை கொள்ளும். பெரிய கலத்தைக் கழுவ ஆளே உள்ளே இறங்க வேண்டும். செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய தூரிகையால் தேய்த்துக் கழுவுகிறார்கள். கலத்துக்குள் போன மனிதர் பாடிக்கொண்டே வேலை செய்தார். குரல் பூமிக்கு அடியிலிருந்து வந்தது.

ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த நீளத் தொட்டியில் பழத்தைக் கொட்டி, கால்களை நன்றாகக் கழுவிக்கொண்டு மிதிக்கிறார்கள். சாற்றோடு தோல், விதை, பழுத்த காம்பு எல்லாம் சேர்ந்தே கலத்துக்குள் போகிறது. இதுதான் காகேத்தி முறை. மற்ற நாடுகளில் வெள்ளை ஒயினுக்குத் தோலை உடனே பிரித்துவிடுவார்கள். இங்கே வெள்ளைத் திராட்சையும் தோலோடு ஐந்தாறு மாதம் ஊறுகிறது. தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்பும் நிறமும் இறங்கி, ஒயின் தேன் நிறத்துக்கு வந்துவிடும். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. பழத்தின் தோலில் இருப்பதே போதும். ஓரிரு நாளில் கலம் கொதிக்கத் தொடங்குகிறது. காதை வைத்தால் உலை கொதிக்கிற சத்தம். மேலே எழும்பி வரும் தோல் மூட்டத்தை ஒரு நீண்ட கோலால் பகலில் நாலைந்து முறை, இரவில் எழுந்தும் கீழே அழுத்த வேண்டும். விட்டால் மேல்தோல் காய்ந்து காடியாகிவிடும். நொதிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு தரையோடு தேங்கும் என்பதால் கதவையும் சன்னலையும் திறந்தே வைக்கிறார்கள். குழந்தைகளை உள்ளே விடுவதில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் கொதிப்பு அடங்கும். மிதந்த தோலும் விதையும் தாமாகவே கீழே போய்க் கூம்பிய அடியில் தங்கும். ஒயினோடு விதைகள் அதிகம் உரசாமல் இருக்க அந்த வடிவமே வழிசெய்கிறது. பிறகு வாயில் கல்மூடி வைத்துக் களிமண்ணால் பூசிவிடுவார்கள். பூமிக்கு அடியில் கோடையிலும் பனிக்காலத்திலும் வெப்பம் அதிகம் மாறாது. குளிர்சாதனம் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், வசந்த காலம் வரை ஒயின் அதன் போக்கில் தெளிகிறது. எத்தனை தலைமுறையின் பொறுமையான கவனம் இதற்குள் இருக்கிறது என்று எண்ணி நான் அந்தத் தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மழை பெய்தது. அவர்கள் சொன்ன நாள்தான். மழை நாளுக்கு என்று ஒரு திட்டம் எல்லாப் பயணிகளும் வைத்திருக்க வேண்டும். நாங்கள் தெலாவிக்குப் பக்கத்தில் வர்திசுபானி கிராமத்தில் க்வெவ்ரி வனைகிறவர் பட்டறைக்குப் போனோம். சக்கரம் கிடையாது. களிமண்ணைக் கயிறாகத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கிக் கையால் இழைக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் கட்டினால் பாரம் தாங்காமல் சரியும். அது இறுகும் வரை காத்திருந்து அடுத்த நாள் அடுத்த வளையம். ஆள் உயரக் கலம் எழும்ப வாரக்கணக்காகிறது. சூளையில் சுட்டு எடுத்து, சூடு ஆறும் முன் உள்ளே தேன்மெழுகு தடவுகிறார்கள். இந்தத் தொழில் தெரிந்த குடும்பங்கள் நாடு முழுவதிலும் சேர்த்து மிகக் குறைவு. 2013-இல் யுனெஸ்கோ இந்த ஒயின் முறையை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்த பிறகு வெளிநாடுகளிலிருந்தும் கலம் கேட்டு வருகிறார்கள். வேண்டியவர்கள் இருக்கிறார்கள், வனைகிறவர்கள்தான் பெருக வேண்டும்.

இந்த மரபின் வயது மலைக்க வைக்கிறது. திபிலீசிக்குத் தெற்கே கடாச்சிரிலி கோரா, சுலாவெரிஸ் கோரா என்ற புதிய கற்கால மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சையில் மிகுதியாக உள்ள டார்டாரிக் அமிலத்தின் தடம் இருப்பதை ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். காலம் கி.மு. 6000-ஐ ஒட்டியது. திராட்சையிலிருந்து ஒயின் செய்ததற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. ஐந்நூறுக்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை ரகங்கள் ஜார்ஜியாவுக்கு உண்டு. நான்காம் நூற்றாண்டில் கிறித்தவம் கொண்டுவந்த புனித நினோவின் சிலுவை கொடித்தண்டால் ஆனது, தன் கூந்தலால் அதைக் கட்டினார் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர் அடக்கமான போத்பே மடாலயம் சிக்னாகிக்கு மிக அருகில். மழை விட்டதும் அங்கேயும் போனோம். அறுவடை ஓவியங்களும் பந்தி ஓவியங்களும் தீட்டிய பிரோஸ்மானி இந்தப் பகுதிக்காரர். சிக்னாகி அருங்காட்சியகத்தில் அவர் படங்கள் இருக்கின்றன. மழையில் இருந்து தப்பிக்க இன்னொரு இடமும் உண்டு. குவாரெலியில் மலையைக் குடைந்த 7.7 கி.மீ. சுரங்கத்தில் ஒயின் பாட்டில்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அலாவெர்டியை மழை நாளுக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெயில் நாளில் போக வேண்டும். 11-ஆம் நூற்றாண்டின் தேவாலயம், 50 மீட்டருக்கு மேல் உயரம், பின்னால் காக்கசஸ் பனி, சுற்றிலும் திராட்சைத் தோட்டம். துறவிகளே கொடி வளர்த்து, க்வெவ்ரியில் ஒயின் செய்கிறார்கள். சோவியத் காலத்தில் அற்றுப்போயிருந்த வேலையை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி கையில் எடுத்தார்கள். பெண்கள் தலையை மூடிக்கொண்டும் ஆண்கள் முழுக்கால்சட்டையோடும் போக வேண்டும்.

சோவியத் காலம் இந்த மண்ணில் ஆழமான தடம் விட்டிருக்கிறது. ஆலைகளுக்கு அளவுதான் முக்கியம். அதிகம் காய்க்கும் சில ரகங்களை மட்டும் எங்கும் நட்டு மற்றவற்றை ஓரங்கட்டினார்கள். 1985-இல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராக இயக்கம் நடத்தியபோது ஏராளமான கொடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. ஏற்றுமதியில் பெரும்பகுதி அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. தடை 2013-இல் நீங்குவதற்குள் அவர்கள் வேறு சந்தைகளைத் தேட வேண்டியிருந்தது. அந்தச் சந்தைகள் கேட்டது மலிவான இனிப்பு ஒயினை அல்ல, நல்ல ஒயினை. பாட்டன் புதைத்து வைத்த க்வெவ்ரியிலிருந்து வரும் தேன்நிற ஒயினுக்கு லண்டனிலும் டோக்கியோவிலும் ஆள் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. என் கணிப்பில் இந்த மரபைக் காப்பாற்றியவர்கள் ஆலைகள் அல்ல, அரசும் அல்ல. வீட்டுக்குப் பின்னால் ஒரு மரானியும் அதில் நாலு கலமும் வைத்துக்கொண்டு, விற்பதற்கு இல்லாமல் தம் வீட்டுப் பந்திக்காக ஆண்டு தவறாமல் மிதித்துக்கொண்டிருந்த இந்தக் குடும்பங்கள்தான்.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பயணிகளுக்கென்றே ஒரு தொட்டியில் நாலு கூடைப் பழத்தைக் கொட்டி, வருகிற ஒவ்வொரு பேருந்துக்கும் மிதித்துக் காட்டி, படம் எடுத்து அனுப்பிவிடும் ஏற்பாடுகள் இப்போது பெருகிவருகின்றன. அங்கே போகாதீர்கள். ஒரே நாளில் ஐந்து ஒயின் ஆலைகளைச் சுற்றிக்காட்டும் வண்டியிலும் ஏறாதீர்கள். மூன்றாவது இடத்திலேயே நாக்கு மரத்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். அரை நாளாவது அவர்களோடு குனிந்து பழம் வெட்டுங்கள். அறுவடை நாட்களில் அவர்களுக்கு உங்களை உட்காரவைத்துக் கதை சொல்ல நேரம் இருக்காது. வேலையில் கூடச் சேர்ந்துகொண்டால், வேலையின் நடுவே எல்லாக் கதையும் வரும். குடிக்காதவர்களும் தயங்க வேண்டாம். பிழிந்த புதுச் சாறு கேட்டால் கொடுப்பார்கள். பாட்டிகள் பெரிய கொப்பரையில் சாற்றை மாவோடு காய்ச்சி, நூலில் கோத்த அக்ரூட் பருப்பை அதில் முக்கி முக்கி எடுத்து வெயிலில் தொங்கவிடுவார்கள். சுர்ச்கேலா என்று பெயர். கடைகளில் எல்லா மாதமும் கிடைக்கும், ஆனால் கொப்பரைப் பக்கத்தில் நின்று சூடாக வழித்துத் தின்னும் பாகின் ருசி செப்டம்பரில் மட்டும்தான்.

பந்தி பழம் வெட்டிய அன்றைக்கு இரவே நடந்தது. பந்தியை நடத்த தமதா என்று ஒருவரை முன்னிறுத்துகிறார்கள். அவர் எழுந்து பேசிய பிறகுதான் எல்லோரும் குடிக்க வேண்டும், நடுவில் தனியாக எடுத்துக் குடிப்பது மரியாதை இல்லை. அமைதிக்கு, மண்ணுக்கு, இறந்துபோனவர்களுக்கு, குழந்தைகளுக்கு, விருந்தினருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வாழ்த்தினார். இறந்தவர்களின் முறை வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றோம். என் அப்பாவின் தோட்டத்தைப் பற்றி நான் தமிழில் சொன்னேன், அக்கா மகன் அவர்கள் மொழியில் சொன்னான், அந்தத் தாத்தா தன் கோப்பையை உயர்த்தி நெடுநேரம் கீழே வைக்கவில்லை. பிறகு பாடினார்கள். அடியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் கூட்டமாக நிற்க, மேலே இரண்டு குரல்கள் மாறி மாறி ஏறிப் பின்னிக்கொள்ளும் பாட்டு. காகேத்தியின் சாக்ருலோ என்ற பந்திப் பாட்டு 1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு சூரிய மண்டலத்துக்கு வெளியே போன தங்கத் தட்டில் பதிந்திருக்கிறது. அதை வானொலியில் கேட்பது வேறு, திராட்சைக் கறை போகாத கைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாடுகிறவர்கள் நடுவே உட்கார்ந்து கேட்பது வேறு.

பந்தியில் ஊற்றியது போன ஆண்டு ஒயின். இந்த ஆண்டுடையது வசந்தத்தில்தான் திறக்கும். அறுவடை நாட்களில் கிடைக்கும் புதியது மச்சாரி மட்டும். பாதி நொதித்து, கலங்கலாக, இனிப்பும் நுரையுமாக இருக்கும். முழு ஒயினை ருசிக்கப் போகிறவர்களுக்கு ஏப்ரலோ மே மாதமோ நல்லது. ஒயின் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் செப்டம்பர் முடிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் எதிர்பார்க்கக்கூடாது.

காகேத்தியில் சபெராவியும் முடிந்த பிறகு எங்களுக்குக் கொஞ்சம் நாள் மிச்சமிருந்தது. வடமேற்கே ராச்சாவுக்குப் போனோம். ரியோனி ஆற்றின் பள்ளத்தாக்கு. அம்புரோலாவுரி என்ற சிறிய ஊரின் நடுவில் பெரிய ஒயின் பாட்டிலையே சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். மேலே செங்குத்தான சரிவுகளில் அலெக்சாந்திரோவுலி, முஜுரெத்துலி என்ற இரண்டு கறுப்பு ரகங்கள். இரண்டையும் கலந்துதான் புகழ்பெற்ற குவான்ச்காரா ஒயின் செய்கிறார்கள். டிராக்டர் ஏறாது, எல்லாம் மனிதர் தோளில்தான் இறங்க வேண்டும். நாங்கள் போனபோது ஒரு தோட்டக்காரர் வரிசை வரிசையாக நடந்து, குலைக்கு ஒரு பழமாகக் கிள்ளி மென்று, விதையைத் துப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்றைக் கொடுத்தார். இனிப்பு இருந்தது. விதையில் இன்னும் பச்சை இருந்தது. “எப்ப வெட்டுவீங்கன்னு கேளுடா” என்றேன். கேட்டுச் சொன்னான்: பத்து நாள் ஆகலாம், வெயில் அடித்தால் எட்டு நாள். எங்களுக்கு விமானம் அதற்கு முன்பே. அக்கா மகன் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தான். வெட்டு நடக்கும் வாரத்துச் சனிக்கிழமை அவனுக்கு வகுப்பு இல்லை. கூடப் படிக்கிற பையன்களையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். எத்தனை பேர் என்று தோட்டக்காரர் விரலை நீட்டிக் கேட்டார். அத்தனை கத்தரிக்கோல் எடுத்து வைக்க வேண்டுமாம்.